செப்டிக் டேங்க் மோட்டார்: கட்டரா, காஸ்ட் அயர்னா?

ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்துக்குப் போன கதை கடலூரில் பலருக்கும் உண்டு. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவும் அப்படித்தான். பாதாளச் சாக்கடை மேன்ஹோல் வாசலிலேயே இருக்கிறது, ஆனால் பழைய செப்டிக் டேங்கின் வெளிக்குழாய் அதைவிடத் தாழ. கோடையில் உறிஞ்சுகுழி சமாளித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டால் குழி ஒரு சொட்டு வாங்காது. டாய்லெட்டில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கும். டேங்கின் கடைசி அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு தொட்டி கட்டி, அதில் மோட்டார் இறக்கி, மேன்ஹோலுக்குத் தள்ளுவதுதான் வழி என்று ஆனது. நான் வாங்கியது ஒரு ஹெச்.பி. காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) சீவேஜ் சப்மெர்சிபிள், அதாவது கழிவு நீருக்குள் மூழ்கியே ஓடும் மோட்டார். என் சாய்வு அதன் பக்கம்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டிக் உடம்போ மெல்லிய எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) உடம்போ கொண்ட சின்ன டிரெயினேஜ் மோட்டார்களைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கார் ஷெட்டில் நிற்கும் மழைத் தண்ணீரை இறைக்க அருமையானவை. கையில் தூக்கிக்கொண்டு போகலாம், விலையும் குறைவு. கழிவு நீரில் வருஷம் முழுக்க மூழ்கிக் கிடப்பதற்குச் செய்தவை அல்ல. "எஸ்.எஸ். துருப்பிடிக்காது சார்" என்பார்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் இடங்களில் 304 ரக எஸ்.எஸ்.ஸில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். காஸ்ட் அயர்ன் மேலே துருப்பிடிக்கும், ஆனால் சுவர் தடிமனாக இருப்பதால் சீக்கிரம் ஓட்டை விழாது.

பிளம்பர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொரு யோசனை, கிணற்றுக்குப் போடும் ஓபன்வெல் மோட்டாரையே இறக்கிவிடுவது. வீட்டில் பழையது ஒன்று சும்மா கிடந்தால் ஆசையாகத்தான் இருக்கும். அந்த மோட்டாரின் உள்ளே தண்ணீர் நிரப்பியிருக்கும். புஷ் பேரிங் ஓடுவதும் அந்தத் தண்ணீரின் வழவழப்பில்தான். அதனால் நல்ல தண்ணீர் கேட்கிற சாதி அது. தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரும் மூடிய வகை, ஒரு துணி நார் போதும், இறுகிக்கொள்ளும். இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உண்மையான போட்டி கட்டர் மோட்டாருக்கும் சாதா காஸ்ட் அயர்ன் சீவேஜ் மோட்டாருக்கும்தான். கட்டரில் உறிஞ்சும் வாயிலேயே பிளேடு இருக்கும், முடி, துணி, நாப்கின் எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளும். சாதா வகையில் நறுக்குவது கிடையாது. இம்பெல்லருக்கு முன்னால் தாராளமாக இடம் விட்டு, சுழலிலேயே திடப்பொருளை வெளியே தள்ளிவிடும். கடையில் கேட்டால் கட்டரைத்தான் முதலில் காட்டுவார்கள். விலையும் கூடுதல், பார்க்கவும் பலமாகத் தெரியும்.

ஆனால் நம் தொட்டிக்கு வருவது என்ன? செப்டிக் டேங்க் ஒழுங்காக இருந்தால் கசடு முதல் அறையிலேயே தங்கிவிடும். கடைசியில் வழிவது சாம்பல் நிறத் தண்ணீர். அதில் நறுக்குவதற்கு ஒன்றுமே இல்லை. நறுக்க வேண்டியது வருகிறது என்றால் டேங்க் நிரம்பிவிட்டது, லாரியைக் கூப்பிட வேண்டும் என்று அர்த்தம். அந்த வேலையை மோட்டார் தலையில் கட்டக் கூடாது. இதோடு, நம்மூர் மணல் வேறு. பழைய டேங்கின் விரிசல் வழியாக நிலத்தடி நீரோடு நைஸ் மணல் உள்ளே வரும். அது பிளேடின் முனையைத் தின்றுவிடும். மழுங்கிய கட்டர் நறுக்காது, முடியைச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் அது சாதா மோட்டாரைவிட மோசம்.

இருந்தாலும் என் முடிவைத் தீர்மானித்தது பிளேடு இல்லை, சீல்தான். இந்த மோட்டார்கள் பெரும்பாலும் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) எரிந்து சாவதாகத் தோன்றும். எரிவதற்கு முன்னால் நடப்பது வேறு. தண்டு வெளியே வரும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் தேய்ந்து, தண்ணீர் கசிந்து காயிலுக்குப் போகும். நல்ல சீவேஜ் மோட்டாரில் இரண்டு சீல், நடுவில் ஆயில் அறை. கீழ் சீல் போனாலும் தண்ணீர் முதலில் ஆயிலில்தான் கலக்கும், காயிலுக்குப் போகாது. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன் ஆவணி, புரட்டாசியில் மோட்டாரை மேலே எடுத்து, சாய்த்து வைத்து, பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கழற்றி, கொஞ்சம் ஆயிலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் போதும். தெளிவாக இருந்தால் அப்படியே மூடிவிடலாம். என் மோட்டாரில் ஒருமுறை வெளுத்து, அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. "பாலைக் கலந்த மாதிரி இருக்கு பாருங்க சார், கீழ் சீல் போயிடுச்சு. இப்பவே வந்தது நல்லதாப் போச்சு, காயில் தப்பிச்சுது" என்றார் ஒர்க்‌ஷாப்காரர். சீல் மாற்றி ஆயில் ஊற்றியதோடு வேலை முடிந்தது.

இங்கேதான் சாதா காஸ்ட் அயர்ன் ஜெயிக்கிறது. தண்டின் அளவைச் சொன்னால் போதும், லாரன்ஸ் ரோடு கடைகளிலேயே சீல் கேட்டு வாங்கலாம். பேரிங்கும் பொதுவான நம்பர்தான். காயில் கட்டுகிற ஒர்க்‌ஷாப் எதுவும் இதைக் கண்டு மிரளாது. கட்டர் பிளேடு செட்டோ அந்தந்தக் கம்பெனி அளவு. நான் விசாரித்த கடைகளில் "ஆர்டர் போட்டு வரவழைக்கணும்" என்றார்கள். அடைமழையில் டாய்லெட் நிற்கும்போது ஆர்டர் போட்டுக் காத்திருக்க முடியுமா? கோயம்புத்தூர்க் கம்பெனியா, வெளிமாநிலக் கம்பெனியா என்பதைவிட, சீல் இரட்டையா, ஆயில் ஸ்க்ரூ வெளியில் இருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்துக் கடையிலேயே பாருங்கள். சில மாடல்களில் ஒற்றைச் சீல்தான்.

மேலே எடுப்பதற்கும் முதலிலேயே ஏற்பாடு வேண்டும். மோட்டாரின் கைப்பிடியில் நைலான் கயிறு, அதன் நுனி மூடிக்கு வெளியே. குழாயில் மேலே ஒரு யூனியன், கழற்றினால் தனியாக வந்துவிட வேண்டும். ஒயரைப் பிடித்துத் தூக்கினால் கேபிள் நுழையும் இடம் தளர்ந்து அங்கிருந்தே தண்ணீர் இறங்கும். ஒயர் ஜாயின்ட்டையும் தொட்டிக்குள் போடாதீர்கள், உள்ளே இருக்கும் வாயு செம்பைக் கறுப்பாக்கிவிடும். அதே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் ஆளையும் கொல்கிறது. எது மாட்டிக்கொண்டாலும் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.

ஹெட் விஷயத்தில், அதாவது மோட்டார் எவ்வளவு உயரம் தள்ள வேண்டும் என்பதில், கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். தொட்டி இரண்டரை மீட்டர் ஆழம், குழாய் உராய்வையும் சேர்த்தால் நான்கு மீட்டர் என்று வையுங்கள். பதினெட்டு மீட்டர் ஹெட் மோட்டாரை அங்கே போட்டால் தண்ணீர் அளவுக்கு மீறித் தள்ளும், ஆம்பியர் ஏறும், ஓவர்லோடு ட்ரிப் ஆகும். தண்ணீர் மட்டத்துக்குத் தக்கபடி மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சு குழாயில் சிக்காத மாதிரி தொங்க வேண்டும், என் அனுபவத்தில் மோட்டாரைவிட அதுதான் அதிகம் தகராறு செய்கிறது. கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். வெளிக்குழாயைத் தெருவின் மழைநீர் வாய்க்காலில் விடாதீர்கள், மாநகராட்சியில் சொல்லி பாதாளச் சாக்கடையில்தான் இணைக்க வேண்டும்.

கட்டரை ஒரேயடியாக ஒதுக்கவும் மனசில்லை. புதுச்சேரி ரெயின்போ நகரில் மச்சான் வீட்டில் செப்டிக் டேங்க் கிடையாது, கீழ்த்தள டாய்லெட் நேராகத் தொட்டிக்குத்தான் வருகிறது. அங்கே கட்டர்தான் போட்டிருக்கிறார்கள், இதுவரை புகார் இல்லை. டேங்கில் தெளியாமல் எல்லாமே நேராக வருகிற இடத்தில் அது சரியாகத்தான் இருக்கும். எத்தனை வருஷம் தாங்கும் என்று நான் சொல்ல முடியாது, பிளேடு மாற்றும் கட்டம் அங்கே இன்னும் வரவில்லை.

புயல் நாளில் இரண்டும் ஒன்றுதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நேரத்தில் கரன்ட் இருக்காது, வீட்டு இன்வெர்ட்டர் ஒரு ஹெச்.பி. மோட்டாரின் ஸ்டார்ட்டிங்கைத் தாங்காது. ஜெனரேட்டர் இருந்தாலும் மேன்ஹோலே நிரம்பி நிற்கும்போது தள்ளினால் அடுத்த வீட்டுக்குள்தான் போகும். வெளிக்குழாயில் பந்து வகை நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் தெருத் தண்ணீர் அந்த வழியாக நம் தொட்டிக்குத் திரும்பாது. மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு, தெருவில் தண்ணீர் வடியும்வரை குளியலையும் துணி துவைப்பதையும் தள்ளிப்போடலாம்.