பேரம் பேசாமல் போகலாம் என்றுதான் ஆப்புக்கு வந்தோம்

கோவையிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர், காரைக் கூடவே கொண்டுவருவதா, விற்றுவிட்டு ஆட்டோ ஆப்களை நம்புவதா என்று கேட்டார். பல வருடமாக மேற்கு மாம்பலத்தில் கார் இல்லாமல் குப்பை கொட்டுகிறவன் நான். சொல்லத் தகுதி உண்டு.

நாங்களெல்லாம் ஆப்புக்கு மாறியது சொகுசுக்காக இல்லை. ஸ்டாண்டில் நின்று பேரம் பேசி அலுத்துப்போனதுதான் காரணம். 2013 ஆகஸ்டில் அரசு, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று ஆட்டோக் கட்டணத்தை நிர்ணயித்தது. கொஞ்ச நாள் மீட்டர் ஓடியது. எரிபொருள் விலை ஏறியது, கட்டணம் ஏறவில்லை, மீட்டர் சும்மா தொங்க ஆரம்பித்தது. பொறுத்துப் பார்த்த ஆட்டோ ஓட்டுநர் சங்கங்கள் 2025 பிப்ரவரியில் 50 ரூபாய், கிலோமீட்டருக்கு 18 என்று தாங்களாகவே அறிவித்தன. இந்த இழுபறிக்கு நடுவில், திரையில் ஒரு தொகை, வாசலில் வண்டி என்றால் யார்தான் வேண்டாமென்பார்கள்?

என் எரிச்சலுக்கு வருகிறேன். புக் செய்து வண்டி எண் வந்ததும் ஓட்டுநரிடமிருந்து போன் வரும்.

"எங்க சார் போகணும்?"

அது அவர் திரையிலேயே இருக்கும். "வேளச்சேரி."

"ஆப்ல எவ்ளோ காட்டுது?"

அதுவும் அவருக்குத் தெரியும். சொன்னதும், "மேல அம்பது போட்டுக் குடுங்க சார், திரும்பி வர சவாரி கிடைக்காது."

முடியாது என்றால் சண்டைக்கு வரமாட்டார். மேப்பில் வண்டி டீக்கடை முனையிலேயே நிற்கும். 3 நிமிடத்தில் வரும் என்று போட்டிருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அதே 3 நிமிடம். நாமே கேன்சல் செய்யும்வரை அப்படித்தான். ஸ்டாண்டிலாவது முகம் பார்த்துப் பேசினோம்.

ஓட்டுநரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. முன்பு சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடித்தார்கள். இப்போது பல ஆப்களில் ஆட்டோவுக்கு தினச் சந்தா. கட்டிவிட்டால் வசூல் முழுக்க அவருடையது. நல்லதுதான். ஆனால் கட்டணம் நமக்கும் ஓட்டுநருக்கும் உள்ள விவகாரம் என்று ஆப்காரர்கள் கைகழுவிவிடுகிறார்கள். புகார் கொடுத்தால் 'வருந்துகிறோம்' என்று ரெடிமேட் பதில் வரும். ஒன்றிய அரசின் 2025 வழிகாட்டுதல், ஏற்றுக்கொண்ட சவாரியை ஓட்டுநர் தகுந்த காரணமில்லாமல் ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்கிறது. அதனாலோ என்னவோ, ஓட்டுநர்கள் ரத்து செய்வதில்லை. நம்மைச் செய்ய வைக்கிறார்கள்.

அப்படியும் ஏன் விடவில்லை? அம்மாவுக்காக. விடியற்காலையில் எழும்பூரில் வந்து இறங்குவார். நான் வீட்டிலிருந்தே புக் செய்து, ஓடிபியைப் போனில் சொல்லிவிட்டு, வண்டி கோடம்பாக்கம் பாலம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே பாலை அடுப்பில் வைப்பேன். அவர் யாருக்கும் வழி சொல்ல வேண்டாம், காசு விஷயம் பேச வேண்டாம். இந்த ஒன்றுக்காக மற்றதையெல்லாம் மன்னிக்கலாம். உஸ்மான் சாலையில் பார்க்கிங் தேடி அலைகிற கார்க்காரர்களைப் பார்த்தால் இன்னும் தாராளமாக மன்னிக்கத் தோன்றும்.

இதை எழுதும்போது வெளியே மழை. எல்லா ஆப்பும் அரை மணி நேரமாக வண்டி தேடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றில் கட்டணம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஆகவே நண்பரே, காரைக் கொண்டுவந்துவிடுங்கள். வண்டி நிறுத்த இடம் உண்டா என்று மட்டும் வீட்டு ஓனரிடம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.