கிராஃபிக் டிசைன் அடிப்படைகள் என்று சொல்லி 38,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்

இணையவழியில் தமிழிலேயே கிராஃபிக் டிசைன் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு பயிற்சி நிறுவனத்திடம் 38,500 ரூபாயை இழந்துவிட்டு இதை எழுதுகிறேன். பெயரை வெளியிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று அவர்களே எச்சரித்திருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் இதே பாணியில் ஆள் சேர்க்கும் நிறுவனங்கள் பல இருக்கின்றன என்பதால், சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் நடந்ததை முழுமையாகப் படித்துவிடுங்கள். எவற்றைக் கவனித்துச் சேர வேண்டும் என்பதையும் இறுதியில் எழுதுகிறேன்.

நான் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டி.டி.பி. (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) வேலை பார்க்கிறேன். கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு நோட்டீஸைப் பார்த்தவுடன் விஷயம் மனத்தில் பதிவதும், அதே விஷயம் அடங்கிய இன்னொரு நோட்டீஸ் சந்தைக்கடை போல இரைச்சலாகத் தெரிவதும் ஏன் என்பதைத்தான் முறையாகப் படிக்க விரும்பினேன். சேர்க்கைக்காகத் தொலைபேசியில் பேசிய இளைஞரிடம் இதை மிகத் தெளிவாகவே சொன்னேன். "அண்ணா, நீங்க கேக்குறதுதான் நம்ம கோர்ஸே. டூல்ஸ் எல்லாம் யூடியூப்லயே இருக்கு, நாங்க பிரின்சிபிள்ஸ்தான் எடுக்குறோம்" என்றார். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது.

நம்பிக்கை ஏற்பட்டது அந்தப் பேச்சால் அல்ல. இலவச மாதிரி வகுப்பால். அதை எடுத்த ஆசிரியை உண்மையிலேயே விவரம் தெரிந்தவர். ஒரு காதணி விழா அழைப்பிதழைத் திரையில் வைத்தார். ஏழெட்டு எழுத்துரு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறம், வெற்றிடம் தெரிந்த இடத்திலெல்லாம் ஒரு பூ என்று நம் அச்சகங்களில் தினமும் பார்க்கும் அதே வகை. நாள், நேரம், இடம் ஆகிய மூன்றும் மூன்று மூலைகளில் கிடந்தன. அவற்றை அவர் அருகருகே கொண்டுவந்தவுடன், பெட்டியும் கோடும் போடாமலேயே அவை ஒரே தொகுதியாகத் தெரிந்தன. அருகில் இருப்பவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது மனிதக் கண்ணின் இயல்பு என்றும், ஜெர்மனியின் உளவியல் அறிஞர் மாக்ஸ் வெர்தைமர் 1923ஆம் ஆண்டிலேயே புள்ளிகளை வரைந்து காட்டி இதை விளக்கியிருக்கிறார் என்றும் சொன்னார். பிறகு எல்லா வரிகளையும் ஒரே இடது விளிம்பில் நிறுத்தினார். குழந்தையின் பெயரை மட்டும் பெரிதாக்கி, மற்றவற்றைத் துணிந்து சிறிதாக்கினார். அளவில் வேறுபாடு காட்டுவதென்றால் தயங்காமல் காட்ட வேண்டும், எழுத்தளவில் 12 புள்ளிக்கும் (பாயிண்ட்) 14 புள்ளிக்கும் உள்ள வேறுபாடு பார்ப்பவருக்குப் பிழையாகத்தான் தோன்றும் என்றார். 

அதற்கும் மேலாக, தமிழ் எழுத்துகளில் 'கீ' மேலே ஏறுவதையும் 'பூ' கீழே இறங்குவதையும் காட்டி, ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி தமிழுக்குப் போதாது என்றும், தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் குறுகலான பத்தியில் இருபக்கமும் சமன் செய்தால் வரிக்கு நடுவே ஓட்டைகள் விழும் என்றும் விளக்கினார். இத்தனை ஆண்டுகளாக நான் கண்ணால் பார்த்துச் சலித்துக்கொண்ட ஒன்றுக்கு ஒருவர் காரணம் சொன்னபோது, அன்றிரவே பணம் கட்டிவிட்டேன். யுபிஐ மூலம் 8,500 ரூபாய். மீதி 30,000 ரூபாய்க்கு அவர்களே ஏற்பாடு செய்த, மாதம் 5,000 ரூபாய் வீதம் ஆறு தவணை. ஆக மொத்தம் 38,500 ரூபாய்.

அந்த ஆசிரியையை அதன் பிறகு நான் பார்க்கவே இல்லை.

பாடம் என்று வந்தவை அனைத்தும் பதிவு செய்யப்பட்ட காணொளிகள். தேர்வுக் கருவி, பேனாக் கருவி, அடுக்குகள் என்று நான் தினமும் செய்யும் வேலையையே எனக்குச் சொல்லித் தந்தார்கள். வண்ணக் கோட்பாடு என்ற தலைப்பில் ஒரு வண்ணச் சக்கரத்தைக் காட்டி, சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் நம்பிக்கை என்று முடித்துவிட்டார்கள். ஒரே சாம்பல் நிறம் கறுப்புப் பின்னணியில் வெளிறியும் வெள்ளைப் பின்னணியில் கறுத்தும் தெரிவது போன்ற அடிப்படை விஷயம்கூட அதில் இல்லை. வாராவாரம் நடக்கும் சந்தேக நேரத்தில், அச்சுக்குப் போகும் வேலையைத் தொடக்கத்திலிருந்தே சிஎம்ஒய்கேயில், அதாவது அச்சின் நான்கு மைகளுக்கான நிறமுறையில், செய்ய வேண்டுமா என்று கேட்டேன். திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையிலேயே செய்யுங்கள், பிரஸ்காரர் பார்த்துக்கொள்வார் என்று பதில் வந்தது. பிரஸ்காரரே நான்தான்! திரையில் பளீரென்று தெரியும் நீலமும் பச்சையும் நான்கு மைகளில் அச்சாகும்போது மங்கிப்போய், வாடிக்கையாளர் வந்து சண்டை போடுவதைச் சமாளிப்பவனிடம் சொல்லப்பட்ட பதில் அது.

பயிற்சிப் பணிகளுக்குத் தனிப்பட்ட திருத்தம் உண்டு என்று விளம்பரத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் "சூப்பர், கீப் இட் அப்" என்றே வருவதைக் கவனித்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு சுவரொட்டியைக் கெடுத்து அனுப்பினேன். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து, படத்தின் மேலேறிய தொலைபேசி எண், அச்சான தாளை வெட்டும்போது பாதிக்காதபடி விளிம்பில் 3 மில்லிமீட்டர்கூட விடாமல் ஒட்டி நின்ற தலைப்பு. ஒரு மணி நேரத்துக்குள் "எக்ஸலன்ட் ஒர்க்" என்று பாராட்டும் ஐந்து நட்சத்திரமும் வந்துவிட்டன. அங்கே யாரும் எதையும் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் நாடகம் தொடங்கியது. "அண்ணா, அண்ணா" என்று தினமும் அழைத்த இளைஞர், தாம் சேர்க்கைப் பிரிவு மட்டுமே என்று சொல்லி ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார். மின்னஞ்சலுக்கு, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம் என்று ஓர் இயந்திரப் பதில் வந்தது, யாரும் தொடர்புகொள்ளவில்லை. மீண்டும் மீண்டும் எழுதிய பின், 7 நாட்களுக்குள் கேட்டால் மட்டுமே பணம் திரும்பத் தரப்படும் என்ற விதியைக் காட்டினார்கள். அந்த 7 நாட்கள் பணம் கட்டிய தேதியிலிருந்து கணக்கிடப்படுகின்றன. முதல் காணொளி திறந்ததோ அந்தக் கெடு முடிந்த பிறகு. அதாவது பாடம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் முன்பே பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை முடிந்துவிடும்படி தேதியை அமைத்திருக்கிறார்கள். இதைச் சுட்டிக்காட்டியதற்கு, 15,000 ரூபாய் மதிப்புள்ள வீடியோ எடிட்டிங் பாடத்தை இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். மாணவர் குழுவில் வேறு யாருக்கேனும் பணம் திரும்பக் கிடைத்ததா என்று ஒரே ஒரு வரி எழுதினேன், குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

இதில் மிகக் கொடுமையானது தவணை. வட்டியில்லாத் தவணை என்று அவர்கள் சொன்னது, உண்மையில் ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கொடுத்த கடன். 30,000 ரூபாயும் பயிற்சி நிறுவனத்துக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. பாடம் பிடிக்கவில்லை என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான விஷயம், தவணை தவறினால் சிபில் மதிப்பெண் (கடன் தகுதி மதிப்பெண்) குறையும் என்று கடன் கொடுத்தவர்கள் சொல்கிறார்கள். எனவே, உள்ளே நுழையவே விருப்பமில்லாத ஒரு வகுப்புக்காக மாதம் 5,000 ரூபாய் என் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. 38,500 ரூபாய் எங்கள் வீட்டில் சின்னத் தொகை அல்ல.

விரிவாக எழுத நினைத்த அறிவுரைகளுக்கு இப்போது பொறுமை இல்லை. மாதிரி வகுப்பு எடுப்பவர்தான் கடைசிவரை எடுப்பாரா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வட்டியில்லாத் தவணை என்றால் கடன் யார் பெயரில் என்று கேளுங்கள். அரசு அங்கீகாரம் என்று அவர்கள் காட்டிய சான்றிதழ் வெறும் உத்யம் எனும் சிறுதொழில் பதிவு. சிறுதொழில் நடத்தும் எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம், பாடத்தின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடிப்படைகளைப் படிக்க மத்திய அரசின் ஸ்வயம் இணையக் கல்வித் தளத்திலேயே இலவசப் பாடங்கள் உண்டு. பழகிப் பார்க்க இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன.

ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள், நானும் பதிந்திருக்கிறேன். வழக்கென்றால் வெளிமாநில நீதிமன்றத்தில்தான் என்று அவர்களுடைய விதிமுறையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்த ஐந்து நட்சத்திரப் பாராட்டு எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனுவைக் கொடுக்கப் போகிறேன்.