குடும்பத்தில் யாருக்கும் இல்லாத சிறுநீரக நோய்: பேனலா, எக்சோமா, ஜீனோமா?

"எங்க வீட்ல யாருக்கும் கிட்னி பிரச்சினை இல்லை டாக்டர்" என்று நோயாளி சொன்னதும் மரபணுச் சோதனைப் பேச்சு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. நிற்கத் தேவையில்லை. பெற்றோர் இருவரும் ஒரு மரபணுவின் பழுதான பிரதியை ஆளுக்கொன்றாகச் சுமந்துகொண்டு நலமாகவே இருந்திருக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பம் என்றால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். மரபணுவில் வரும் மாற்றம், அதாவது பிறழ்வு, பிள்ளையிடமே புதிதாகத் தோன்றியிருக்கலாம். அப்பாவுக்கும் லேசாக நோய் இருந்து, யாரும் ஸ்கேன் எடுக்காமல் விட்டிருக்கலாம். அதனால் பணம் கட்டும் முன் பெற்றோருக்கு ஒரு அல்ட்ராசவுண்டும் சிறுநீர்ச் சோதனையும் செய்துவிடுங்கள்.

இரு சிறுநீரகங்களிலும் நீர்க்கட்டிகள் நிறைந்திருந்தால் பேனல், அதாவது தேர்ந்தெடுத்த சில மரபணுக்களை மட்டும் படிக்கும் சோதனைதான் நல்லது. இந்நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குக் குடும்ப வரலாறு இருப்பதில்லை. பேனல் ஒவ்வொரு இடத்தையும் நூற்றுக்கணக்கான முறை படிப்பதால், ஒரு பகுதி செல்களில் மட்டும் உள்ள மொசைக் பிறழ்வும் அகப்பட வாய்ப்புண்டு. சிக்கல், இந்நோய்க்கு முக்கியக் காரணமான பி.கே.டி.1 மரபணுவில். அதன் 46 எக்சான்களில் (புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள்) முதல் 33-க்கு அதே 16-ஆம் குரோமோசோமில் ஆறு போலிப் பிரதிகள் உண்டு. துண்டுதுண்டாகப் படிக்கும்போது அசல் எது, போலி எது என்று மென்பொருள் குழம்பிவிடும். அசல் மரபணுவை மட்டும் நீளத் துண்டுகளாகப் பெருக்கும் லாங்-ரேஞ்ச் பி.சி.ஆர். செய்கிறார்களா, இல்லையென்றால் போலிப் பிரதிகளை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று ஆய்வகத்திடம் முன்பே கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு ஆய்வகம் பாருங்கள்.

கிரியாட்டினின் ஏறி, சிறுநீரகம் சுருங்கி, பயாப்சியும் கைகொடுக்காத நிலையில் எக்சோம், அதாவது எல்லா மரபணுக்களின் எக்சான்களையும் படிக்கும் சோதனை. 2019-இல் வெளியான 3,315 பேர் ஆய்வில் எக்சோம் மூலம் 9.3 சதவீதம் பேருக்குக் காரணம் கிடைத்தது. நோய்க்காரணமே தெரியாதிருந்தவர்களில் அது 17.1 சதவீதம். இன்று எதுவும் கிடைக்காவிட்டாலும் அதே தரவைப் பின்னாளில் மறுபடி அலசலாம். ஆனால் பெரிய துண்டு இழப்புகள் இதில் நழுவும். சிறு வயதிலேயே சிறுநீரகத்தைப் பழுதாக்கும் நோயில் என்.பி.ஹெச்.பி.1 மரபணு முழுசாகவே காணாமல் போவதுண்டு. ஹெச்.என்.எஃப்.1பி என்ற மரபணுவின் கோளாறால் நோயுற்றவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அந்த மரபணுவின் ஒரு பிரதியே மொத்தமாக இல்லாமல் போயிருக்கும். அந்த இழப்பு பலரிடம் புதிதாகத் தோன்றியது. இள வயதில் சர்க்கரை, ரத்தத்தில் மக்னீசியம் குறைவு இரண்டும் சேர்ந்தால் இதைச் சந்தேகிக்கலாம். இத்தகைய இழப்புகளைத் தேடும் 'பிரதி எண்ணிக்கை அலசல்' செய்ததாக அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும்.

ஜீனோம், அதாவது முழு டி.என்.ஏ.வையும் படிக்கும் சோதனை, இந்த இழப்புகளையும் எக்சான்களுக்கு இடையிலுள்ள இன்ட்ரான் பகுதிப் பிறழ்வுகளையும் நன்றாகப் பிடிக்கும். செலவு கூடுதல், வழக்கமாக ஒவ்வொரு இடத்தையும் சுமார் 30 முறையே படிப்பதால் மொசைக் தப்பிவிடலாம். முதல் சோதனையாக வேண்டாம்.

மூன்றும் சாதாரணமாகத் தவறவிடுவது மக்1 என்ற மரபணுவின் கோளாறை. திரும்பத் திரும்ப வரும் 60 எழுத்துத் தொடரில் ஒரே ஒரு சைட்டோசின் கூடுதலாகச் சேர்வதுதான் கோளாறு. தனிச் சோதனை வேண்டும். சிறுநீரில் புரதமோ ரத்தமோ இல்லாமல் மெல்ல மெல்லச் செயலிழப்பது இதன் போக்கு. அப்பா 'பிரஷரால்' டயாலிசிஸுக்குப் போனார் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருக்கும்.

அறிக்கையில் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று வந்தால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெற்றோர் ரத்தத்தையும் சோதித்து ஒப்பிட வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவரின் ரத்தத்தில் இருப்பது கொடையாளியின் டி.என்.ஏ., எனவே வேறு மாதிரி எடுக்க வேண்டும்.

கல் அடிக்கடி வந்து சிறுநீரகம் பழுதானவருக்கு மாற்று அறுவைக்கு முன்பே முடிவு கையில் இருக்க வேண்டும். கல்லீரலில் ஆக்சலேட் என்ற பொருளை மிகையாக உருவாக்கும் ஏ.ஜி.எக்ஸ்.டி. மரபணுக் கோளாறைக் கவனிக்காமல் சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால், ஆக்சலேட் படிந்து புதியதும் கெடும். கல் உண்டாக்கும் இன்னொரு மரபணுக் கோளாறான ஏ.பி.ஆர்.டி. குறைபாடு என்றால் அல்லோபியூரினால் மாத்திரையே கல்லைத் தடுக்கும்.