கார்பன் இழைத் தகட்டுக்குள் எதைப் பதிப்பது: ஒளியிழையா, பீசோ வில்லையா?

விமானக் கட்டமைப்புக்கான கார்பன் இழைத் தகடுகளில் உணரிகளைப் பதிக்க வேண்டியிருந்தபோது, பிராக் கீற்றணி (இழை நீளும்போது தான் எதிரொளிக்கும் அலைநீளம் மாறும் நுண்வரிகள்) பொறித்த ஒளியிழையையே நான் தேர்ந்தெடுத்தேன். அது எடை குறைந்தது, மின்காந்த இடையூறுக்கு ஆட்படாதது என்பன பலரும் அறிந்தவை. மின்னழுத்தம் கொடுத்தால் அதிர்ந்து, அதிர்ந்தால் மின்னழுத்தம் தரும் பீசோ வில்லைக்கும் தனிச் சிறப்பு உண்டு. ஒரு வில்லை எழுப்பும் லாம்ப் அலையை (தகட்டின் வழியே பரவும் அதிர்வலை) மற்றொன்று வாங்கி, இடையில் தகட்டின் அடுக்குகள் பிரிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும். கீற்றணியோ தான் இருக்கும் இடத்துத் திரிபை (நீள மாற்ற விகிதத்தை) மட்டுமே சொல்லும். மேற்பரப்பில் சுவடு தெரியாத மோதல் சேதத்தைத் தேடுவதே முதல் நோக்கமென்றால் பீசோவே பொருத்தம்.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது, உணரியின் இணைப்பு தகட்டைவிட்டு வெளியேறும் இடம். தகட்டை இறுகவைக்கும் அழுத்த அடுப்பான ஆட்டோகிளேவில் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் ஏறத்தாழ 7 பார் அழுத்தத்திலும் விளிம்புக்கு வழியும் பிசின், ஒளியிழையைச் சுற்றி இறுகி, சிறு வளைவிலேயே அதை ஒடித்துவிடும். தகட்டுக்குள் புதைந்த உணரியை மாற்ற வழியில்லை என்பதால், அந்த ஒரு முறிவோடு எல்லாம் முடிந்துவிடக்கூடும். எனவே வெப்பம் தாங்கும் பாலிஇமைடு பூச்சுள்ள இழையை எடுத்து, வெளியேறும் இடத்தில் மெல்லிய டெஃப்லான் குழாயை மாட்டி, அறுத்துச் சீராக்கத் தேவையில்லாத விளிம்பு வழியாக இரு முனைகளையும் வெளியே கொண்டுவந்தேன். ஒரே இழையில் வெவ்வேறு அலைநீளங்களில் பத்துக் கீற்றணிகள் இருந்தாலும் வெளியேறும் இடங்கள் இரண்டுதான். நடுவில் ஓரிடத்தில் முறிந்தாலும் இரு பக்கமிருந்தும் படிக்கலாம். பீசோவில் வில்லைதோறும் மின்கம்பி வேண்டும். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்துவதால் காப்புப் படலமும் வேண்டும். அந்தப் படலமே அடுக்குகள் பிரிவதற்கு இடம் கொடுக்கலாம்.

ஒளியிழையிலும் குறையுண்டு. அதன் 125 மைக்ரான் விட்டம் ஏறத்தாழ ஓர் அடுக்கின் தடிமன். அண்டை அடுக்கின் இழைகளுக்கு இணையாக வைத்தால் அடங்கிவிடும். குறுக்கே வைத்தால் இருபுறமும் கண் வடிவில் பிசின் தேங்கும். வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே ஏறத்தாழ 8 மைக்ரோதிரிபு (நீளத்தில் பத்து லட்சத்தில் எட்டுப் பங்கு மாற்றம்) போலத் தோன்றுமாதலால், சுமை ஏறாத தனிக் கீற்றணி ஒன்றையும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்க வேண்டும்.

என் அனுபவம் தட்டையான தகடுகளோடு நிற்கிறது. இழை கூர்மையாக வளைய வேண்டிய விறைப்பான் (தகடு வளையாமல் தாங்கும் பட்டை) மூலைகளில் இதே துணிவோடு நான் பதிக்கமாட்டேன். அங்கே மேற்பரப்பில் ஒட்டுவதையே தேர்வேன்.