ஃபோர்க் சீல் "மாற்றிவிட்டோம்" என்று பட்டறையில் சொன்னால், ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள்

ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் வைத்து மண் ரோட்டில் ஓட்டும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கோவையில் ஒரு பட்டறையில் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கும் இரட்டைக் குழாய்கள்) வேலைக்கு வண்டியை விட்டேன். இரண்டு பக்கமும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல், தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீல், புது ஃபோர்க் ஆயில் என்று தனித்தனியாகப் பில் போட்டுப் பணம் வாங்கினார்கள். கொஞ்ச நாளிலேயே டிஸ்க் இருக்கும் பக்கம் மறுபடி கசிந்து, எண்ணெய் டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் காலிப்பர் வரை இறங்கிவிட்டது. அதிலுள்ள பிரேக் பேடில் எண்ணெய் பட்டால் முன் பிரேக் பிடிக்காது; மலை இறக்கத்தில் உயிருக்கே ஆபத்து. போய்க் கேட்டால், "கல்லு மேல ஏத்துனா சீல் போகத்தான் செய்யும் சார்" என்று அனுப்பிவிட்டார்கள்.

சரி என்று வீட்டிலேயே கழற்றினேன். இந்த வண்டியில் ஃபோர்க் பைப்பை மூடி ரப்பர் உறை இருக்கும். அதை மேலே தள்ளியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. 37 மி.மீ. பைப்பில், பைப் ரெஞ்ச் கடித்த பல் தடம் வரிசையாக இருக்கிறது. நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. முன் ஃபோர்க் 190 மி.மீ. வரை உள்ளே போய் வரக்கூடியது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சீலின் உள்விளிம்பு அந்தத் தடத்தின் மேல்தான் உரசிப் போகும். அங்கே எந்தச் சீல் தாங்கும்?

ரெஞ்ச் போட வேண்டிய அவசியமே இல்லை. ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே பைப்பை இறுக்கிப் பிடிக்கும் மேல் கிளாம்ப்பின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, பைப்பின் தலை மூடியை ஒரு சுற்று இளக்கிவிட வேண்டும். கீழ் கிளாம்ப் பைப்பைப் பிடித்துக்கொள்ளும். அடியில் உள்ள ஆலன் போல்ட்டையும் ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே தளர்த்துவது நல்லது; ஸ்பிரிங் அழுத்தத்தில் அந்தப் போல்ட் பிடித்திருக்கும் டாம்பர் ராடு (உள்ளே இருக்கும் தண்டு) பெரும்பாலும் கூடவே சுற்றாது. இவர்கள் ஃபோர்க்கைக் கீழே எடுத்துப் போட்ட பிறகு மூடி கழலாமல் ரெஞ்சைப் போட்டிருக்கிறார்கள். தடம் தெரியாமல் உறையை இழுத்துவிட்டுப் பில்லையும் நீட்டியிருக்கிறார்கள்.

உள்ளே இன்னும் மோசம். ஒரு பக்கம்தான் புதுச் சீல். அடுத்த பக்கத்தில் டஸ்ட் சீலை நெம்பினால் அடியில் காய்ந்த சேறு, சீலைப் பிடித்து வைக்கும் கம்பி வளையமான சர்க்லிப் துருப்பிடித்துக் காடியோடு ஒட்டியிருக்கிறது. அதைக் கழற்றாமல் ஆயில் சீலை வெளியே எடுக்கவே முடியாது. அந்தச் சர்க்லிப்பை யாரும் தொடக்கூட இல்லை! அடி போல்ட்டில் காப்பர் வாஷருக்குப் பதில் சிலிகான் பேஸ்ட். ஸ்பிரிங்கை எடுத்து, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, பைப்பின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டத்தை அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டியது, இரண்டு விரல்கடை வித்தியாசம்.

கடைசியில் பைப்பையே புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. சீல் விலை எங்கே, பைப் விலை எங்கே!

ஃபோர்க் வேலைக்கு விடுவதாக இருந்தால், முதலில் உறையைத் தூக்கி இரண்டு பைப்பையும் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சீல், வாஷர் எல்லாம் கையில் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆயில் மட்டம் அளக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். "அதெல்லாம் வேணாம் சார், நாங்க பாத்துக்கிறோம்" என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

படங்களைக் காட்டியும் பட்டறையில் பைப் செலவை ஏற்கவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பழைய பைப்பையும் பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.