அகோயாவா, நன்னீர் முத்தா? தினமும் கழுத்துல கிடக்க எது தாங்கும்

முத்துநகர்னு பேர் வச்ச ஊர்ல பொறந்துட்டு ஹைதராபாத் போய் சீனா முத்து வாங்கிட்டு வந்திருக்கியேன்னு எங்க பெரியம்மா இன்னும் கேலி பண்றாங்க. தூத்துக்குடில முத்துக்குளிப்பு 1961ஓட முடிஞ்சு போச்சு பெரியம்மான்னா காதுல வாங்குறதே இல்ல. 1973லயே வேப்பலோடைல மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க நம்ம மன்னார் வளைகுடா சிப்பிலயே உருண்டை முத்து வளர்த்துக் காட்டிட்டாங்க, ஆனா மாலை மாலையா கடைக்கு வர்ற அளவுக்கு அது ஒரு தொழிலா வளரல. அதனால இப்ப முத்து வாங்கணும்னா பெரும்பாலும் ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா, தாஹிதின்னு வெளிநாட்டு வளர்ப்பு முத்துதான்.

நான் ரெண்டு மாசம் யோசிச்சு, கடைசில நன்னீர் முத்து மாலை ஒண்ணு வாங்கினேன், சீனால ஏரி குளத்து மட்டில வளர்க்குற முத்து. அகோயாவ, அதாவது ஜப்பான்ல கடல் சிப்பில வளர்க்குற முத்தை, கைல எடுத்துப் பார்த்துட்டு திருப்பிக் கொடுத்துட்டேன். ஏன்னு சொல்லணும்னா எங்க அம்மா மாலைல இருந்து ஆரம்பிக்கணும்.

எங்க சித்தப்பா கப்பல்ல வேலை பார்த்தவரு. தொண்ணூறுகள்ல கோபே துறைமுகத்துல கப்பல் நின்னப்ப அம்மாவுக்கு ஒரு அகோயா மாலை வாங்கிட்டு வந்தாரு. ஏழு மில்லிமீட்டர் இருக்கும், ஒண்ணுக்கொண்ணு அச்சுல வார்த்த மாதிரி உருண்டை, ட்யூப்லைட் அதுல தெரியும், அந்த மாதிரி ஒரு பளபளப்பு. அம்மா டீச்சர். பீரோல வச்சுப் பூட்டுற ஆள் இல்ல, தினமும் போட்டுக்கிட்டுதான் ஸ்கூலுக்குப் போவாங்க, பஸ்ல நின்னு வேர்த்து விறுவிறுத்து வருவாங்க, அப்படியே சமையலுக்குப் போயிடுவாங்க. எட்டு ஒன்பது வருஷத்துல பின்கழுத்துப் பக்கம் இருந்த முத்தெல்லாம் மங்கிப் போச்சு. உத்துப் பார்த்தா உருண்டையே இல்ல, தோல்ல படுற இடம் மட்டும் தேஞ்சு சின்னச் சின்ன பீப்பா மாதிரி ஆயிடுச்சு.

நூல் அறுந்தப்ப தெரிஞ்ச ஆசாரிகிட்ட கோர்க்கக் கொடுத்தோம். அவர் லென்ஸ கண்ணுல மாட்டி, ஒரு முத்தோட துளைய என்கிட்ட காட்டினாரு. துளை ஓரத்துல மேல்தோல் முட்டை ஓடு மாதிரி சில்லு பேந்து, உள்ள சுண்ணாம்பு வெள்ளைல வேற ஒரு மணி தெரியுது. "எம்மா, உள்ள மணி பெருசு, மேல இருக்கிற முத்து கொஞ்சூண்டு, அதுவும் வேர்வைல போயிட்டு"ன்னாரு. அப்பதான் இந்த விஷயமே எனக்குப் புரிஞ்சது.

அகோயா எப்படி வருதுன்னா, வேற ஒரு மட்டியோட ஓட்ட எடுத்து, பெரும்பாலும் அமெரிக்க ஆத்து மட்டி ஓடு, உருண்டை மணியா கடைஞ்சு சிப்பிக்குள்ள வைக்கிறாங்க, கூடவே இன்னொரு சிப்பியோட சதைத் துண்டு ஒண்ணு. சிப்பி அந்த மணிக்கு மேல பூச்சு பூசிக்கிட்டே வரும், அந்தப் பூச்சுதான் முத்து. கடல்ல எவ்வளவு நாள் விடுறாங்களோ அவ்வளவு தடிமன். தொண்ணூறுகள்ல அவசர அவசரமா ஒரு வருஷம்கூட கடல்ல வளர விடாம எடுத்த சரக்கு நிறைய வந்துச்சு. கால் மில்லிமீட்டருக்கும் கம்மியாதான் பூச்சு இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஏழு மில்லிமீட்டர் முத்துல பூச்சு 0.2ன்னா உள்ள 6.6 மில்லிமீட்டருக்கு வெறும் மணிதான். கவரிங் நகைன்னு சொல்ல மாட்டேன், அது பாவம், அசல் முத்துதான், ஆனா தேயுற கதை கிட்டத்தட்ட கவரிங் கதைதான்.

நன்னீர் முத்து வேற மாதிரி. சீனால ஏரி குளத்துல, பெரிய வியாபாரம் எல்லாம் ஜெஜியாங் மாகாணத்துல ஜூஜிங்கற ஊர்ல. மட்டிக்குள்ள மணி எதுவும் வைக்கிறதில்ல, சதைத் துண்டு மட்டும்தான், ஒரே மட்டில முப்பது நாப்பது முத்துகூட ஒண்ணா வளர்க்குறாங்க, மூணு நாலு வருஷம், சிலது அதுக்கு மேலயும் விடுறாங்க. அதனால மேல இருந்து நடு வரைக்கும் ஒரே கெட்டியா முத்துதான். அரை மில்லிமீட்டர் தேஞ்சாலும் கீழ இருக்கிறதும் முத்துதான். எனக்கு இந்த ஒரு விஷயம் போதும், மத்த எல்லாத்தையும் இதுக்குக் கீழதான் வச்சேன்.

ஏன்னா முத்து கல்லு இல்ல, வைரம் மாதிரி அடிச்சுத் தேச்சுப் போட முடியாது. அது சுண்ணாம்புச் சத்து, கால்சியம் கார்பனேட், மெல்லிசு மெல்லிசா அடுக்கி நடுநடுவுல பசை மாதிரி ஒரு புரதம். புளிப்பு எது பட்டாலும் அரிக்கும். வேர்வைல இருக்கிற புளிப்பு, எலுமிச்சம்பழம் எல்லாம் சேர்த்தி. சென்ட், ஹேர்ஸ்ப்ரேயும் முத்துக்கு ஆகாது. சித்திரை வெயில்ல தூத்துக்குடில இருந்து திருநெல்வேலிக்கு பஸ்ல போயிட்டு வந்தா கழுத்து எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். குளிர் நாட்டுக்காரங்க எழுதுற முத்து கைடுல எல்லாம் அகோயாதான் ராஜா, அது அவங்க கழுத்துக்குச் சரி.

சரி, அகோயாவ இவ்வளவு திட்டிட்டேன், அதோட நல்லதையும் சொல்லிடுறேன். பளபளப்புல அதை அடிச்சுக்க ஆளே இல்ல. ஜப்பான்ல குளிர்காலத்துலதான் எடுப்பாங்க, தண்ணி குளிர்ந்தா சிப்பி மெதுவா, நெருக்கமா பூசும், அதான் அந்தக் கண்ணாடி மாதிரி மின்னல். உருண்டையும் நன்னீர்ல அந்த அளவுக்குக் கிடைக்காது. இப்ப நல்ல கடைல வர்ற ஜப்பான் அகோயா அம்மா காலத்துச் சரக்கு மாதிரி இல்ல, பூச்சு தடிமனாவே வருது, லேப்ல தடிமன சோதிச்சு ஹனாதாமா, அதாவது மேல்தர அகோயான்னு சர்டிபிகேட்டோடயும் தர்றாங்க. கல்யாணம் காட்சின்னு வருஷத்துக்கு நாலு தடவை பட்டுப்புடவைக்கு ஏசி மண்டபத்துல போடப்போறீங்கன்னா, காசும் இருக்குன்னா, அகோயா வாங்குங்க, நான் குறுக்க நிக்கல.

ஹைதராபாத்ல பத்தர்கட்டில, சார்மினார் பக்கத்துல, ஏழெட்டு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைல ரெண்டு மாலைய பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டேன். அகோயா அறுபத்தஞ்சாயிரம். அதே சைஸ்ல நல்ல நன்னீர் ஒன்பதாயிரத்து ஐநூறு. ரெண்டுக்கும் "ட்ரிபிள் ஏ"ன்னு ஒரே மாதிரி அட்டை. இந்த ஏ, டபுள் ஏ எல்லாம் ஊரறிஞ்ச ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி நினைச்சுடாதீங்க, அப்படி பொதுவா ஒரு அளவுகோலே கிடையாது, கடைக்குக் கடை அவங்கவங்க போட்டுக்கிறதுதான். இன்னொரு கடைல நன்னீர் மாலையையே அகோயான்னு சொல்லி நாப்பதாயிரம் கேட்டாங்க. கேட்டுக்கிட்டே இருந்தேன், லூப்ப, அதான் ஆசாரி கண்ணுல மாட்டுற மாதிரி லென்ஸ, எடுத்து துளைய பார்க்க ஆரம்பிச்சதும் பேச்சு மாறிடுச்சு.

அந்தத் துளை பார்க்குற வேலைய மட்டும் கத்துக்கிட்டா பாதி ஏமாத்தத்துல இருந்து தப்பிச்சுடலாம். பத்து மடங்கு லூப் ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. மாலைய லேசா இழுத்து ரெண்டு முத்துக்கு நடுவுல இடைவெளி விட்டு துளை வாயைப் பாருங்க. உள்ள ஒரு வட்டக் கோடு போட்ட மாதிரி மேல ஒரு நிறம் உள்ள ஒரு நிறம்னா மணி வச்ச முத்து, அந்தக் கோட்டுக்கு மேல எவ்வளவு தடிமன் இருக்குன்னும் அங்கயே தெரிஞ்சுடும். கோடே இல்லாம ஒரே மாதிரி இருந்தா பெரும்பாலும் நன்னீர். துளை ஓரத்துல பெயிண்ட் உரிஞ்ச மாதிரி தொங்குதுன்னா அது கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, வெளிய வந்துடுங்க. செல்போன் டார்ச்சுக்கு முன்னாடி முத்தை மெதுவா உருட்டிப் பாக்குறதும் உண்டு, பூச்சு மெல்லிசா இருந்தா உள்மணியோட கோடுகள் வரி வரியா தெரியும், உருட்ட உருட்ட மினுக் மினுக்குனு அடிக்கும். அம்மா மாலை அப்படித்தான் அடிக்குது. பல்லுல தேய்ச்சா நறநறன்னு இருக்கும்னு சொல்றது உண்மைதான், ஆனா அது முத்தா போலியான்னு மட்டும்தான் சொல்லும், எந்த வகைன்னு சொல்லாது.

ஒரு எச்சரிக்கை, நன்னீர்னாலே மணி இருக்காதுன்னும் நம்பிடாதீங்க. இப்ப எடிசன்னு ஒண்ணு வருது, பெருசா, நல்ல உருண்டையா, ஊதா ரோஸ் கலர்லயும் கிடைக்கும், அது நன்னீர்தான் ஆனா உள்ள மணி வச்சது. அழகாத்தான் இருக்கு, நான் போட்டுப் பழகினதில்ல.

தென்கடல் முத்தும் தாஹிதி முத்தும் பத்தி நான் ரொம்பப் பேசக்கூடாது, பத்து நிமிஷம் கைல வச்சுப் பார்த்ததோட சரி. தென்கடல் முத்து ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம், வெள்ளையும் பொன் நிறமும், பத்து மில்லிமீட்டருக்கு மேல சாதாரணமா வரும். உள்ள மணி உண்டு, ஆனா பூச்சு அகோயாவ விட ரொம்பத் தடிமன், அதனால என் வேர்வைக் கவலைக்கு அதுவும் ஒரு பதில்தான், விலைதான் லட்சத்துல பேசுது. தாஹிதி கறுப்புன்னு பேரு, பார்த்தா கரும்பச்சை, மயில் கழுத்து, சாம்பல்னு ஓடுது. பிரெஞ்சு பாலினேசியால பூச்சு 0.8 மில்லிமீட்டர் இல்லாம ஏற்றுமதி பண்ணக்கூடாதுன்னு பல வருஷம் சட்டமே வச்சிருந்தாங்க. கறுப்பு முத்து மலிவா கிடைக்குதுன்னு யாராவது கொடுத்தா அது அநேகமா சாயம் போட்ட நன்னீர், துளை ஓரத்துல சாயம் திட்டா தேங்கி நிக்கும், மாலை முழுக்க ஒரே கறுப்பா மை தொட்ட மாதிரி இருக்கும்.

ரீசேல் பத்தி கேக்குறவங்களுக்கு ஒரே வார்த்தை, மறந்துடுங்க. முத்து வச்ச தோட்டை நகைக்கடைல மாத்தப் போனா முத்து எடைய கழிச்சுட்டு தங்கத்துக்குத்தான் காசு. அகோயாவா இருந்தாலும் அங்க அது வெறும் கழிவு எடைதான். அறுபத்தஞ்சாயிரத்துக்கு இதையும் சேர்த்து யோசிச்சேன். ஜாதகத்துக்கு சந்திரனுக்கு முத்து போடுறவங்க கதை தனி, இயற்கை முத்தான்னு தெரிய லேப்ல எக்ஸ்ரே எடுத்தாதான் உண்டு, கடைக்காரர் வாய்வார்த்தைக்கு மோதிரம் பண்ணிடாதீங்க.

என் மாலைல குறை இல்லையான்னா இருக்கு. எட்டு மில்லிமீட்டர், முக்கால்வாசி உருண்டை, நாலஞ்சு முத்து லேசா முட்டை வடிவம், ரெண்டுல அடில சின்ன வரி. பளபளப்பு அம்மா மாலையோட புதுசுல இருந்ததுல பாதிதான், பால்ல வெளிச்சம் பட்ட மாதிரி அமைதியா இருக்கும். போட்டோல எடுபடாது. வாங்கி மூணு வருஷமாச்சு, வாரத்துல அஞ்சு நாள் ஆபீசுக்குப் போடுறேன், சென்ட் அடிச்சு முடிச்சு கடைசியா மாட்டிக்குவேன், வந்ததும் ஈரத் துணில துடைச்சு பருத்தித் துணில சுத்தி வைப்பேன், பாலித்தீன் கவர்ல போட்டு மூட மாட்டேன். ஒரு தடவை நூல் மட்டும் மாத்தினேன், பட்டு நூல், ஒவ்வொரு முத்துக்கும் நடுவுல முடிச்சு போடச் சொல்லி. அதே ஆசாரிதான் கோர்த்தாரு. லென்ஸ வச்சு துளை துளையா பார்த்துட்டு, "இதுல உள்ள ஒண்ணுமே வைக்கலியே, முழுசும் முத்துல்லா"ன்னு சொல்லி, கூலி முன்னூறு வாங்கினாரு. அம்மா மாலைய அவர்கிட்ட மறுபடி கொடுக்கல, அது பழைய குங்குமச்சிமிழ் டப்பால அப்படியே இருக்கு.