காரைக்குடியில் ஒரு படச்சட்டக் கடையும் எஸ்.பி.பி.யின் படமும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் வாங்க வருகிறவர்கள், மரத்தூண், பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம் என்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாமல், ஊர்க்காரர்கள் 'பிரேம் கடை' என்று மட்டும் சொல்லும் ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. இடிக்கப்பட்ட பழைய வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கை அறுத்து அங்கே படச்சட்டம் செய்கிறார்கள். நேரில் பார்த்தே அறியாத ஒருவரின் மறைவுக்காக அழுதவர்கள், அவருடைய படத்தை வீட்டில் முறையாக வைக்க நினைத்தால், இந்தக் கடைக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2020-இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் மறைந்த பிறகு அவருடைய படத்துக்கு இங்கே சட்டம் போட்டேன். சட்டத்தின் தரம் சில மழைக்காலங்களைக் கடந்த பிறகுதான் தெரியும் என்பதால் இத்தனை காலம் பொறுத்து இப்போது எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி, தமக்கு லேசான கொரோனா தொற்றுதான் என்றும் யாரும் கவலைப்பட வேண்டாம் என்றும் அவரே காணொளியில் பேசியதை நாங்கள் அப்படியே நம்பினோம். அடுத்த சில நாட்களில் உடல்நிலை மோசமாகி, செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார் என்ற செய்தி வந்தது. அதன்பின் அவருடைய மகன் சரண் வெளியிடும் தகவலுக்காகக் காத்திருப்பது எங்கள் வீட்டில் அன்றாட வழக்கமாகிவிட்டது. ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்குக் கூட்டுப் பிரார்த்தனை செய்யுமாறு திரையுலகினர் கேட்டுக்கொண்டபோது, நானும் எங்கள் வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், விளக்கேற்றி நின்றேன். செப்டம்பர் தொடக்கத்தில் தொற்று நீங்கிவிட்டது என்று கேட்டு, இனி வீடு திரும்பிவிடுவார் என்று நிம்மதியாக இருந்தோம். செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை பிற்பகலில் அவர் போய்விட்டார், 74 வயது. மறுநாள் தாமரைப்பாக்கத்தில் நடந்த அடக்கத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தோம். கொரோனா இல்லாத காலமாக இருந்திருந்தால் காரைக்குடியிலிருந்தே வண்டி வண்டியாக ஆட்கள் போயிருப்பார்கள்.

அவர் எனக்கு என்ன உறவு என்று கேட்டால், சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. என் அப்பச்சி (அப்பா) மலேசியாவில் வேலையில் இருந்த காலத்தில், பெண்களும் பிள்ளைகளுமாக இருந்த எங்கள் பெரிய வீட்டில் ஒலித்த ஆண்குரல் பெரும்பாலும் அவருடையதுதான். ஆத்தா அடுப்படியில் இலங்கை வானொலியை வைத்துவிட்டு வேலை செய்வார். 1969-இல் 'அடிமைப் பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடிய அந்த இளங்குரல், நான் வளர வளரத் தானும் கனிந்து, எனக்குத் திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் கூடவே வந்தது.

ஆனாலும் இந்தத் துக்கத்துக்கு ஒரு முறைமையும் கிடையாது. உறவில் ஒரு கேதம், அதாவது சாவு, என்றால் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் வருவார்கள். யார் எங்கே உட்கார வேண்டும், எத்தனை நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் வகுக்கப்பட்டிருக்கிறது. அழுகிறவளைத் தனியாக விட்டுவிடாமல் இருப்பதற்காகவே அந்த ஏற்பாடு என்று நான் நினைக்கிறேன். பாடகருக்காக அழுகிறவளிடம் கேதம் கேட்க யாரும் வருவதில்லை. "யாரோ எவரோ, அவருக்காகச் சாப்பிடாமல் கிடக்கலாமா?" என்று பெரியவர்கள் கேட்பதில் அக்கறை இருக்கிறது என்றாலும், அந்தக் கேள்வியால் மனம் இன்னும் சுருங்கிவிடுகிறது. படத்தை எடுத்துக்கொண்டு பிரேம் கடைக்குப் போகும்போது, கடைக்காரரும் இதையே கேட்பாரோ என்ற தயக்கத்துடன்தான் போனேன்.

அவர் கேட்டது வேறு. படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆச்சி, இது சந்தனம் குங்குமம் வச்சு மாலை போடுற படமா, பார்க்கிற படமா?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பொட்டு வைக்கிற படமென்றால் கண்ணாடியை அடிக்கடி ஈரத்துணியால் துடைப்பார்கள். துடைக்கும் தண்ணீர் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் இறங்கி, கீழ் விளிம்பிலிருந்து படத்தைக் கறையாக்கும். ஆகவே அதற்குக் கீழ்ப்பக்கத்தை அடைத்துக் கட்ட வேண்டும், மாலையைத் தாங்க மேலே இரண்டு கொக்கிகளும் வேண்டும். பார்க்கிற படமென்றால் இவை தேவையில்லை, உள்ளே காற்றுக்கு இடம் விட்டால் போதும். அப்துல் கலாம் மறைந்த 2015-இலும் படம் கொண்டுவந்தவர்கள் எல்லோரிடமும் இதையே கேட்டதாகச் சொன்னார். "அது அவுங்கவுங்க மனசு ஆச்சி, நான் ஒண்ணும் சொல்றதில்ல" என்றும் சொன்னார். துக்கம் சரியா தவறா என்ற பேச்சே அங்கே எழவில்லை. எப்படிப்பட்ட துக்கம், அதற்கு எப்படிக் கண்ணாடி போட வேண்டும் என்பதுதான் பேச்சு. இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்விக்கே உரியது.

பார்க்கிற படம் என்றே சொன்னேன். மாலை போடும் உரிமை அவருடைய வீட்டாருக்கு உண்டு. எனக்குள்ளது கேட்டவளின் உரிமை மட்டுமே என்று அப்போது தோன்றியது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். 'தோற்றம், மறைவு' என்று பித்தளைத் தகடு பதிக்கும் வசதியும் இருக்கிறது. அதையும் வேண்டாம் என்றேன். பின்பலகையின் உட்பக்கத்தில் மட்டும், என்னைக் கேட்டுக்கொண்டு, 25.9.2020 என்று பென்சிலால் எழுதினார். யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் அழகான கையெழுத்தில் நிதானமாக எழுதினார்.

நான் முதலில் கொண்டுபோனது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். இதைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும், இதற்குத் தேக்குச் சட்டம் போட்டுக் காசு வாங்க மனம் வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோலாலம்பூரில் ஒரு கச்சேரியில் என் தம்பி தன் கேமராவில் எடுத்த படம் நினைவுக்கு வந்தது. ஒரு கையில் மைக், மறு கையில் பாட்டுத்தாள், தாளைப் பார்க்காமல் யாரையோ பார்த்துச் சிரிக்கும் முகம். தம்பி அதன் மூலக்கோப்பை மின்னஞ்சலில் அனுப்ப, ஸ்டூடியோவில் 12-க்கு 18 அங்குலத்தில் போட்டோ தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். அவர் திருப்பிக் கொடுத்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

வேலைத்தரத்தைச் சொல்ல வேண்டும். சட்டத்தின் நான்கு மூலைகளும் 45 டிகிரியில் அறுக்கப்பட்டு, நகம் நுழையாத அளவுக்குப் பொருந்தியிருக்கின்றன. புதுத்தேக்கு மழைக்காலத்தில் ஊறி வெயிலில் சுருங்கும்போது மூலை விரிந்துவிடுவதுண்டு. நூறாண்டு பழைய உத்தர மரத்தில் அசைவு மிகக் குறைவு. படத்தைச் சுற்றி வெளிர்நிற மவுண்ட் அட்டை வைத்திருப்பதால் படம் கண்ணாடியைத் தொடாமல் நிற்கிறது. இது வெறும் அலங்காரமில்லை. வேறோர் ஊரில் ஒரு கடையில் என் ஐயாவின் (தாத்தாவின்) பழைய புகைப்படத்தை மவுண்ட் இல்லாமல் கண்ணாடியோடு ஒட்ட வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது முகத்தில் பாதி கண்ணாடியோடு போய்விட்டது. ஆகவே இங்கே சட்டம் போடுகிறவர்கள் விலையைக் குறைப்பதற்காக மவுண்ட் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பின்பலகையின் ஓரமெல்லாம் தாள் ஒட்டி அடைத்திருக்கிறார். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி இதுவரை உள்ளே போகவில்லை.

மாட்டுவதற்கு அவரே வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில், சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவரில் ஆணி அடித்தால் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆணியே அடிக்காமல், கதவு நிலைக்கு மேலுள்ள மரச்சட்டத்திலிருந்து கம்பியில் தொங்கவிட்டார். எங்கே மாட்டுவது என்பதில்தான் பேச்சு வந்தது. வளவில் இருப்பதெல்லாம் முன்னோர் படங்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்பின்போது நாங்கள் நினைத்துக் கும்பிடுகிறவர்கள். அந்த வரிசையில் வேறொருவரை வைப்பது சரியில்லை என்று என் மாமியார் சொன்னார், நியாயமான பேச்சு. வளவில் வெயில் நேராக இறங்குவதால் எப்படியும் படம் வெளுத்துவிடும் என்று கடைக்காரர் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டைக் காட்டினார். அடுப்படிக்குப் போகும் வழியில், வானொலிப்பெட்டி இருக்கும் அலமாரிக்கு மேலே இப்போது அந்தப் படம் இருக்கிறது. இன்று என் மாமியாரே அதைத் துடைக்கிறார், உலர்ந்த துணியால்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதியில் வேலை முடியாது. கூடுதலாக ஒரு வாரம் வைத்துக்கொள்ள வேண்டும், இடையில் கைப்பேசியில் அழைத்தால் எடுக்கவும் மாட்டார். சாதாரணக் கண்ணாடிதான் இருக்கிறது, ஒளி தெறிக்காத கண்ணாடி கிடைப்பதில்லை. பிற்பகலில் முற்றத்து வெளிச்சம் பட்டு எஸ்.பி.பி.யின் முகம் சிறிது நேரம் தெரியாமல் போகிறது, அது எனக்கு வருத்தந்தான். கடையில் உட்கார இடமில்லை. வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

நான் கொடுத்தது அன்றைய விலைக்கு 1,600 ரூபாய். பழந்தேக்கின் விலை ஏறிவிட்டதால் இப்போது கூடுதலாகும். சாதா மரத்தில் இதைவிடக் குறைவாகவும் செய்து தருகிறார், ஆனால் மூலைப் பொருத்தத்தில் வேறுபாடு தெரிகிறது. காலையில் போவது நல்லது. மதியத்துக்குமேல் மரம் அறுக்கும் சத்தத்தில் நிதானமாகப் பேச முடியாது. படத்தின் மூலக்கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். மாட்டப்போகும் சுவரையும் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினால், எந்த அளவு பொருந்தும் என்று அவரே சொல்லிவிடுவார்.